பனி உருண்டைக்கு ஒரு துணிப்பை: சறுக்குவண்டி நாய்களின் காலுறை ஸ்காட்லாந்து மலையில் எப்படி உழைக்கிறது?

முழங்கால் ஆழப் பனியில் அரை மணி நேரம் ஓடிய ஸ்பானியல் நாயின் முன்காலைத் தூக்கிப் பாருங்கள். விரல் இடுக்குகளில் கோலிக்குண்டு அளவில் பனி இறுகிக் கிடக்கும். பாதச் சூட்டில் கொஞ்சம் உருகிய பனி, அடிப்பாத முடியைப் பற்றிக்கொண்டு மறுபடி உறைகிறது. அடுத்த அடியில் அதன்மேல் இன்னொரு அடுக்கு ஏறுகிறது. விரல்கள் விரிந்துகொண்டே போய், நடுவில் உள்ள மெல்லிய தோல் வெடித்துவிடும். நாய் நாலடிக்கு ஒரு தரம் உட்கார்ந்து காலைக் கடிக்கத் தொடங்கினால், நண்பர்கள் சேர்ந்து கிளம்பிய நடை அங்கேயே முடிந்தது.

இதற்கு அலாஸ்காவில் சறுக்குவண்டி ஓட்டுகிறவர்கள் கையாளும் வழி ஒரு துணிப்பை. கார்டுரா என்ற முரட்டு நைலான் துணியை மடித்து ஓரம் தைத்து, வாய்ப்பக்கம் ஒரு வெல்க்ரோ பட்டை வைத்தால் காலுறை தயார். அடியில் ரப்பர் இல்லை, உள்ளே பஞ்சு இல்லை, இடது வலது என்ற பேதமும் இல்லை. ஆங்கரேஜ் பக்கமிருந்து நோம் வரை ஏறக்குறைய 1,600 கி.மீ. ஓடும் இடிடராட் பந்தயத்தில், நாய் ஒன்றுக்கு எட்டுக் காலுறை வண்டியில் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. ரப்பர் அடிப்பாகம் வைத்த நாய் பூட்ஸோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. ஒன்று தொலைந்தாலும் வயிறு எரியாது.

வாங்குமுன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்: இது குளிருக்கான உறை இல்லை. நாயின் பாதத்தில் தமனிகளைச் சுற்றிச் சிரைகள் வலைபோல் பின்னியிருக்கின்றன. பாதத்திலிருந்து குளிர்ந்து திரும்பும் ரத்தம், கீழே இறங்கும் ரத்தத்திடமிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு உடலுக்குள் போகிறது. அதனால் நல்ல உடல்நிலையில் ஓடும் நாயின் அடிப்பாதம் அவ்வளவு எளிதில் உறைந்துபோகாது. அதை வாட்டுவது பனி உருண்டையும், மேல் உறைந்த பனித்தட்டின் கூர்விளிம்பும், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும்தான். டொராண்டோ நடைபாதையில் நாயை நடத்துகிறவர்களுக்கு அந்த உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த மூன்றுக்கும் துணிப்பை போதும். கதகதப்புக்கு என்று நினைத்து உள்ளே கம்பளி வைத்த வகையை வாங்கினால், அது ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அலாஸ்காவின் உள்நாட்டுப் பனி பெரும்பாலும் காய்ந்த பனி, மாவு போல உதிரும். ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம்ஸ் மலைகளில் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே பல நாள் கழிகிறது. ஈரப்பனி. உருண்டை பிடிப்பதற்கு இதைவிட வாகான பனி கிடையாது. அங்கே இந்தத் துணி இரண்டு மணி நேரத்தில் நனைந்துவிடும். நாய்க்குப் பாதத்திலும் வியர்க்கும் என்பதால் உள்ளிருந்தும் ஈரம் சேரும். ஆகவே பாதி வழியில் மாற்ற, காய்ந்த நாலு காலுறை பையில் இருக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் இங்கும் நாய் ஒன்றுக்கு எட்டுதான் வருகிறது. மேலே இரண்டு உபரி வைத்துக்கொண்டால் நிம்மதி.

துணியின் தடிமனை டெனியர் கணக்கில் சொல்வார்கள். 330 மெலிது, சீக்கிரம் காயும், ஆனால் பனிக்கு அடியில் மறைந்திருக்கும் ஹெதர் புதரின் குச்சி குத்தினால் கிழியும். 1000 முரடு, விறைப்பாக நின்று காலை உரசும். ஸ்காட்லாந்து மலைக்கு 500 சரியான நடுத்தரம். நிறம் ஆரஞ்சாக இருக்கட்டும். வெள்ளைப் பனியில் கழன்று விழுந்த கறுப்புக் காலுறை நிழல் போலத் தெரியும், கண்ணில் படாது.

அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். தூக்கிப் பிடித்த காலை அளந்து வாங்கினால், தரையில் ஊன்றும்போது விரல் விரிய இடம் இருக்காது. தாளின் மேல் நாயை நிறுத்தி, அளக்கும் காலுக்குப் பக்கத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். இரண்டு கால் தாங்கும் எடையும் ஒரே பாதத்தில் இறங்கும். பென்சிலை நேராக நிறுத்தி இரு ஓரத்திலும் கோடு போட்டு, நடுவே உள்ள அகலத்தை மில்லிமீட்டரில் எடுங்கள். முன்பாதம் பெரும்பாலும் பின்பாதத்தைவிட அகலம். முன்னே 65 வந்தால் பின்னே 58 வருவது சகஜம். நாலும் ஒரே அளவில் வாங்கினால் பின்காலில் ஒன்று மாற்றி ஒன்று கழன்றுகொண்டே இருக்கும்.

கிளம்பும் முதல்நாள் அடிப்பாத முடியைப் பாத மெத்தையின் மட்டத்துக்கு மொட்டைமுனைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். நகத்தையும் தேய்த்துவிடுங்கள், நீண்ட நகம் ஒரே நாளில் துணியைத் துளைக்கும். காலுறையை மாட்ட வேண்டிய இடம் காருக்குள், கால் காய்ந்திருக்கும்போதே. பனியில் இறக்கிவிட்டுப் பிறகு மாட்டினால், பாதத்தில் ஒட்டிய பனியையும் சேர்த்து உள்ளே அடைக்கிறீர்கள்.

பட்டை வரவேண்டிய இடம் பாதத்துக்கு மேலே கால் ஒல்லியாகும் பகுதி. உட்புறம் உயரத்தில் ஒற்றையாக இருக்கும் நகத்தின் மேல் பட்டை உட்காரக் கூடாது. ஒரு மணி நேர உரசலில் அங்கே தோல் வழண்டுவிடும். கட்டிய பிறகு உங்கள் சுண்டுவிரல் பட்டைக்குள் நுழைய வேண்டும். நீளும் ரப்பர் கலந்த வெல்க்ரோ கழலாது என்று விற்பார்கள். உண்மைதான், ஆனால் இழுத்துக் கட்டிவிடும் ஆபத்தும் அதில்தான் அதிகம். ரத்த ஓட்டம் தடைபட்டால் விரல்கள் வீங்கும், அந்தக் குளிரில் அது சின்ன விஷயம் இல்லை. மணிக்கு ஒரு தரம் அவிழ்த்து விரல்களைத் தொட்டுப் பாருங்கள். முதல் தடவை மாட்டியதும் நாய் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். வீட்டிலேயே தினம் பத்து நிமிடம் போட்டு ஒரு வாரம் பழக்கினால் இது போய்விடும்.

கேர்ன்கார்ம்ஸில் உள்ள மியல் அ வுவக்கில் என்ற 810 மீட்டர் குன்று இதைச் சோதிக்கத் தோதான இடம். க்ளென்மோரில் கிளம்பி, பச்சைநிற நீருக்குப் பேர்போன சிறு குளத்தைத் தாண்டி, ரைவோன் கல்குடிசையில் ஒதுங்கி மூச்சு வாங்கிக்கொண்டு மேலேறலாம். அந்தப் பகுதியில் 1952 முதல் கலைமான் மந்தை உலவுகிறது. ஸ்காட்லாந்தில் மலையில் நடக்கும் உரிமை நாய்க்காரருக்கும் உண்டு, நாய் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கயிறு கையில் இருக்கட்டும்.

குடிசை வரையிலான காட்டுப் பாதையில் காலுறை அருமையாக உழைக்கும். ஆழப்பனியில் ஏறும்போதுதான் கூட்டாளிகளின் ஒழுங்கும் வேண்டியிருக்கிறது. மார்பளவு பனியில் நாய் நடக்காது, நீந்தும்; பத்து நிமிடத்தில் களைத்துவிடும். முதல் இரண்டு பேர் பனியில் புதையாமல் நடக்க மாட்டும் அகலமான பனிக்காலணியால் தடம் மிதிக்க, நாய்கள் அவர்களுக்குப் பின்னால் வர வேண்டும். முன்னே போகிறவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் விலகிக் கடைசிக்கு வரட்டும். நாய் முன்னவரின் பனிக்காலணியின் பின்முனையை மிதித்தால் ஆளும் விழுவார், காலுறையும் கழலும், ஆகவே இரண்டு மீட்டர் இடைவெளி தேவை. பனிக்கட்டியில் வழுக்காமலிருக்கக் காலணிக்கு அடியில் க்ராம்பான் என்ற முள்சட்டம் மாட்டியவர் பக்கத்தில் இந்த இடைவெளி இன்னும் முக்கியம். அந்த முள்ளுக்கு 500 டெனியர் துணி ஒரு தடையே இல்லை.

தாழ்ந்த காலடிக் குழியிலிருந்து பாதத்தை இழுக்கும்போதுதான் காலுறை தொலைகிறது. நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் எண்ணுங்கள்: இரண்டு நாய் என்றால் எட்டு. ஐந்து நிமிடம் முன்பு தொலைந்தது கிடைக்கும், ஒரு மணி நேரம் முன்பு தொலைந்தது கிடைக்காது.

இந்தச் சாமானின் பெரிய குறை முகட்டில் தெரியும். காற்று பனியை வாரிக்கொண்டு போன இடத்தில் கெட்டிப் பனியும் பனிக்கட்டியும்தான் மிச்சம். அங்கே நாய்க்கு நகம்தான் க்ராம்பான். துணி அந்த நகத்தை மூடிவிடுவதால் நாலு காலும் வழுக்கும். ரப்பர் அடிப்பாகமும் அங்கே பெரிதாக உதவாது. சரிவு கெட்டியாகிறது என்று கண்டதும் நாலையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுங்கள். உடம்புச் சூட்டில் கொஞ்சம் காயும், வெல்க்ரோ உறையாமல் இருக்கும். பனிச்சரிவு முன்னறிவிப்பில் வடக்கு கேர்ன்கார்ம்ஸ் பகுதியை அன்று பார்க்காமல் எந்தச் சரிவிலும் நாயை விடாதீர்கள். காற்று குவித்த பனிப்பலகையும் முகட்டில் துருத்தி நிற்கும் பனிக்கூரையும் நாயின் கண்ணுக்குத் தெரியாது.

காலுறை எட்டாத இடங்களும் உண்டு. அக்குள், தொடை இடுக்கு, வயிறு ஆகிய இடங்களில் நீள முடியில் திரளும் உருண்டைகளுக்கு இது மருந்தாகாது. அங்கே பாத மெழுகைக் கிளம்புமுன் தேய்த்துவைத்தால் ஓரளவு குறையும். மெழுகு மட்டுமே போதும் என்பவர்கள் குட்டைமுடி நாய் வைத்திருப்பவர்களாக இருப்பார்கள். திரண்டதைப் பிய்த்து இழுத்தால் முடியோடு வரும், நாய்க்கு உயிர் போகும். உள்ளங்கைச் சூட்டில் பிடித்து, விரலால் நொறுக்கி எடுங்கள். வீட்டில் வெதுவெதுப்பான நீர் போதும்.

திரும்பியதும் காலுறைகளை வெல்க்ரோ மூடிய நிலையில் அலசி, வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். மூடாமல் அலசினால் கொக்கிகளில் முடி அடைத்துக்கொள்ளும்; அடைத்துவிட்டால் பழைய பல்துலக்கியால் சீவி எடுக்கலாம். அடுத்த நடையில் முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டுங்கள். நகம் தேய்த்த இடம் குதிகால் பக்கம் போய்விடும், ஆயுள் கூடும்.