மாலை வகுப்பா, வார இறுதியா, ஆன்லைனா? வேலையை விடாமல் எம்.பி.ஏ.

வேலையில் இருந்துகொண்டே எம்.பி.ஏ. படிக்கச் சென்னைக்காரர்களுக்கு இன்று நாலு வழி இருக்கிறது. இக்னோ மாதிரியான தொலைதூரக் கல்வி, தனியார் பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் எம்.பி.ஏ., சனி ஞாயிறுகளில் நடக்கும் எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ., அப்புறம் வார நாட்களில் ஆபீஸ் முடிந்து போய் உட்காரும் மூன்றாண்டு பார்ட் டைம் வகுப்பு. நான் படித்தது கடைசி வகை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் குவாலிட்டி இன்ஜினியராக இருந்தவன், படிப்பு முடிவதற்குள் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பக்கம் மாறி, இப்போது வேறொரு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். ஆகவே என் ஓட்டு மாலை வகுப்புக்குத்தான். ஏன் என்பதைத்தான் கீழே நீட்டி எழுதியிருக்கிறேன். மற்ற மூன்றுக்கும் உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிப்பது இந்தக் கணக்கில் வராது. கேட் (CAT) நுழைவுத்தேர்வு எழுதி நல்ல ஐ.ஐ.எம். கிடைக்கிறதென்றால் கிளம்பிப் போய்விடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கடன், தங்கச்சி கல்யாணம், அப்பாவின் மருந்துச் சீட்டு என்று மாதச் சம்பளத்தை ஒரு மாதம்கூட நிறுத்த முடியாதவர்களுக்கு எழுதுவது இது.

ஃபீஸ் விஷயத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். இக்னோ மொத்தமாகவே ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். ஆன்லைன் அதற்கு மேலே. மாலை வகுப்பு கல்லூரிக்குக் கல்லூரி ஏகத்துக்கு மாறும். பெயர் பெற்ற இடங்களில் வார இறுதி எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. பத்து லட்சத்தைத் தாண்டும். யாரும் இதை மறைப்பதில்லை, வெப்சைட்டிலேயே போட்டிருப்பார்கள்.

அவர்கள் போடாத விஷயம் ஒன்று உண்டு. பார்ட் டைம்காரனுக்குப் பெரும்பாலும் கேம்பஸ் இன்டர்வியூ கிடையாது. பிளேஸ்மென்ட் ஆபீஸ் முழுநேர மாணவர்களுக்காக ஓடுவது. 'நீங்கதான் ஏற்கெனவே வேலையில இருக்கீங்களே சார்' என்று அனுப்பிவிடுவார்கள். நான் சேர விசாரித்தபோது இதைக் கேட்டுத் தயங்கிய நண்பர்கள் உண்டு. இது தெரிந்ததும் கேள்வியே மாறிவிடுகிறது: பட்டம் வாங்கிய பிறகு யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போவதில்லை என்றால், வேலையில் மாற்றம் எப்போது, எந்த வழியாக வரும்?

எனக்குத் தெரிந்து அதற்கு இரண்டே வாசல்தான். இருக்கிற கம்பெனிக்குள்ளேயே டிபார்ட்மென்ட் மாறுவது ஒன்று. கூடப் படிக்கிறவர் தன் கம்பெனியில் ஆள் தேடும்போது நம் பெயரைச் சொல்வது இன்னொன்று. இரண்டுமே படித்துக்கொண்டிருக்கும் காலத்தில் திறக்கிற வாசல்கள். கான்வகேஷன் போட்டோவை ஃபிரேம் போடும் நேரத்தில் பாதி சாத்தியிருக்கும். அதனால் எந்தக் கோர்ஸ் என்று பார்க்கும்போது நான் எடைபோடுவது ஒன்றைத்தான்: படிக்கிற நாட்களில் வகுப்புக்கும் ஆபீஸுக்கும் நடுவே எத்தனை தடவை போக்குவரத்து நடக்கும்?

என் விஷயத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும். காஸ்ட் அக்கவுண்டிங் எடுத்த சாருக்கு ஒரு பழக்கம். புத்தகக் கணக்கைப் போட்டு முடித்ததும், "இதை உங்க கம்பெனியில எப்படிப் போடுறாங்கன்னு பாத்துட்டு வாங்க" என்பார். அடுத்த வகுப்பில் நிஜமாகவே கேட்பார். அன்றைக்குப் பாடம், ஓவர்ஹெட்டை, அதாவது எந்த ஒரு பீஸுக்கும் நேராக எழுத முடியாத பொதுச் செலவை, எந்த அடிப்படையில் பிரிப்பது என்பது. எங்கள் ஷாப்பில் எல்லா ஷாப்பையும் போல மெஷின் ஹவர் கணக்குதான். மணிக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீஸ் மூன்று நிமிடம் ஓடினால் 30 ரூபாய். ஒரே மூச்சில் ஓட்டுகிற தொகுதியை லாட் என்போம்; 2,000 பீஸ் லாட்டுக்கும் பீஸுக்கு 30 ரூபாய்தான், 40 பீஸ் லாட்டுக்கும் அதே 30 ரூபாய்தான். கொட்டேஷன் அப்படித்தான் போகும்.

ஆனால் லாட் மாறும்போது பீஸைப் பிடித்துக்கொள்ளும் ஜிக்கைக் கழற்றி மாட்டி, டூல் மாற்றி, ஆஃப்செட் வைத்து, முதல் பீஸை இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பி ஓகே வாங்கும்வரை மெஷின் சும்மா நிற்கும். மூன்று மணி நேரம் சர்வசாதாரணம். அதாவது 1,800 ரூபாய். 2,000 பீஸில் பிரித்தால் பீஸுக்கு 90 பைசா, கண்ணுக்கே தெரியாது. 40 பீஸில் பிரித்தால் பீஸுக்கு 45 ரூபாய். 30 ரூபாய் என்று நினைத்துக் கொட்டேஷன் கொடுத்த வேலைக்கு உண்மையில் ஆகிற செலவு 75. சின்ன லாட்டுக்கு நல்ல மார்ஜின் கிடைப்பதாக அக்கவுண்ட்ஸ் நம்பிக்கொண்டிருந்த கஸ்டமர்கள் சிலரிடம் நாங்கள் ஒவ்வொரு பீஸுக்கும் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தோம்.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, எந்த காஸ்டிங் புத்தகத்திலும் இருக்கிற கணக்குதான். ஆனால் அந்த முதல் பீஸ் வந்து காத்துக்கிடப்பது என் டேபிளில். செட்டப்புக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பது இன்ஸ்பெக்‌ஷன் ரிஜிஸ்டரில் என் கையெழுத்திலேயே இருந்தது. அக்கவுண்ட்ஸிடம் அந்த ரிஜிஸ்டர் இல்லை, என்னிடம் அதுவரை அந்தக் கணக்கு இல்லை. பத்துப் பார்ட் நம்பருக்கு ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு வகுப்பில் காட்டினேன். பிறகு அதையே எங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த செட்டப் டைம் எங்கேருந்து எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு புது கொட்டேஷன் போகும்போதெல்லாம் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். அடுத்த அப்ரைசலில், குவாலிட்டியிலிருந்து இந்தப் பையனை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டவரும் அவர்தான். அப்போது என் படிப்பு பாதிகூட முடிந்திருக்கவில்லை.

மூன்று வருடமா, அவ்வளவு இழுக்குமா என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதுதான் இந்தப் படிப்பின் நல்ல அம்சமாகத் தெரிகிறது. கம்பெனிகளில் அப்ரைசல் வருடத்துக்கு ஒரு முறை. மூன்று வருடப் படிப்பென்றால் மூன்று அப்ரைசல். முதல் வருடம் நீங்கள் எதையோ படிக்கிறீர்கள் என்று தெரிய வரும். இரண்டாவதில் ஏதாவது செய்து காட்டியிருப்பீர்கள். மூன்றாவதில் கேட்க வாய் வரும். செவ்வாய்க்கிழமை கேட்ட பாடத்தைப் புதன்கிழமை ஷாப் ஃப்ளோரில் உரசிப் பார்த்து, வியாழக்கிழமை சாரிடம் சந்தேகம் கேட்கிற வசதி மற்ற வகைகளில் இந்த அளவுக்கு இல்லை.

கஷ்டமும் சொல்ல வேண்டும். வகுப்பு நாட்களில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட மணி பத்து ஆகிவிடும். அட்டெண்டன்ஸ் குறைந்தால் எக்ஸாம் எழுத விடமாட்டார்கள். மார்ச் மாதம் கணக்கு முடிக்கிற நெருக்கடியும் இன்டர்னல் டெஸ்டும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக வரும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்து, பார்த்துக்கொள்ள மாமியாரோ அம்மாவோ இல்லையென்றால் இதைத் தொடவே வேண்டாம். வகுப்பில் ஆரம்பத்தில் இருந்த பெண்கள் சிலர் பாதியில் நின்றதற்குப் படிப்பு காரணமில்லை.

இன்னொரு சிக்கல் ஊர் வளர்ந்துவிட்டது. கிண்டி தொழிற்பேட்டை 1958, அம்பத்தூர் 1964. அந்தக் காலத்து எஸ்டேட்களிலிருந்து ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்பினால் நகருக்குள் இருக்கும் கல்லூரிக்கு நேரத்துக்குப் போய்விடலாம். லயோலா வளாகத்தில் இருக்கும் லிபா என்ற மேலாண்மைக் கல்லூரி 1979இல் வேலை பார்ப்பவர்களுக்கான படிப்போடுதான் தொடங்கியது; முழுநேரப் படிப்பு பிறகு 1995இல்தான் வந்தது. அந்த ஏற்பாடு அன்றைய சென்னைக்குக் கச்சிதம். இன்று வேலைகள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சிறுசேரியிலும் இருக்கின்றன. கம்பெனி பஸ் பூந்தமல்லியைத் தாண்டவே ஏழு மணியாகும். போதாததற்கு ரொட்டேட்டிங் ஷிஃப்ட் வேறு. அங்கே இருப்பவர்களிடம் மாலை வகுப்பில் சேருங்கள் என்று நான் சொன்னால் அடிக்க வருவார்கள்.

அவர்களுக்கு இயல்பாக வருவது வார இறுதி வகுப்பு. ஐ.ஐ.டி. மெட்ராஸின் மேலாண்மைத் துறை இரண்டு வருட எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. நடத்துகிறது. மாமல்லபுரம் பக்கம் மணமையில் இருக்கும் கிரேட் லேக்ஸிலும் வேலையில் இருப்பவர்களுக்கான படிப்பு உண்டு. இதில் படித்த நண்பர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து பார்த்ததில்லை. வகுப்பில் பிளான்ட் ஹெட், டெலிவரி மேனேஜர் என்று கனமான ஆட்கள் இருப்பார்கள். பெயர் சொல்லி வேலை வாங்கித்தருகிற இரண்டாவது வாசல் இங்கே மாலை வகுப்பைவிட அகலம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் அந்த உயரத்தில் இருந்தால்தான் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள முடியும். எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. என்ற வடிவத்தை 1943இல் சிகாகோ பல்கலைக்கழகம் ஆரம்பித்தபோதே, ஏற்கெனவே நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களை மனதில் வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருட அனுபவமும் கீழே ஒரு டீமும் இருப்பவர் போகலாம். நாலு வருட சர்வீஸில் இவ்வளவு பணத்தைக் கடன் வாங்கிக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சனிக்கிழமை முழுக்கக் கேட்டதில் திங்கட்கிழமை என்ன மிஞ்சுகிறது என்பதும் ஆளைப் பொறுத்தது.

இக்னோவைக் 'கரஸ்' என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் ஸ்டோர்ஸில் இருந்த அக்கா ஒருவர் விடியற்காலை எழுந்து, அடுப்பில் இட்லி வேகும்போது டைனிங் டேபிளில் அசைன்மென்ட் எழுதியே முடித்தார். கையால்தான் எழுத வேண்டும், பக்கம் பக்கமாக. அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், ஜூனிலும் டிசம்பரிலும் வரும் தேர்வுக்கு 70 சதவீதம். இரண்டு வருடத்தில் முடிக்கலாம், இழுத்தால் நாலு வருடம்வரை இடம் உண்டு. அக்காவுக்குத் தேவைப்பட்டது சீனியர் கிரேடுக்கு ஒரு முதுநிலைப் பட்டம். அது கிடைத்தது, கிரேடும் கிடைத்தது. ஃபைலில் ஒரு சான்றிதழ் வைத்தால் பதவி நகரும் என்கிற இடங்களில், முக்கியமாக அரசுத்துறை, பொதுத்துறை மாதிரியான இடங்களில், இதைவிட அதிகம் செலவழிப்பது வீண். வேலையின் தன்மையே மாற வேண்டும் என்பவருக்கு மட்டும் தனியாகப் படிப்பது போதாது. அக்கா போட்ட கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்க எதிரே ஆள் இல்லை.

ஆன்லைன் எம்.பி.ஏ. பற்றி அழுத்தமாகச் சொல்ல எனக்குப் போதுமான அனுபவம் இல்லை. டீமில் இருக்கும் ஒரு தம்பி படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை லைவ் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுத் துணி மடிக்கிறான். அது அவன் பழக்கமா, கோர்ஸின் லட்சணமா என்று ஒருவனை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. செல்லுமா என்ற பயம் மட்டும் தேவையில்லை. யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் தரும் ஆன்லைன் பட்டமும் தொலைதூரப் பட்டமும் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் அதை இன்னொரு தடவை அறிவிப்பாகவும் வெளியிட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் வருடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பதை யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் நீங்களே பாருங்கள். போனில் 'கடைசி இரண்டு சீட்' என்று அவசரப்படுத்துகிற கவுன்சிலர் சொல்வதை வைத்துப் பணம் கட்டாதீர்கள். ஆன்லைன் வகுப்புக்கு ஏது சீட் தட்டுப்பாடு!

மாலை வகுப்பிலும் வார இறுதியிலும் சில இடங்களில் எம்.பி.ஏ.வுக்குப் பதில் பி.ஜி.டி.எம். என்ற முதுநிலை மேலாண்மை டிப்ளமோ கொடுப்பார்கள். தனியார் கம்பெனியில் இந்த வித்தியாசத்தை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பின்னால் பிஎச்.டி., கல்லூரி வேலை என்று எண்ணமிருந்தால் அந்த டிப்ளமோ எம்.பி.ஏ.வுக்கு இணையாக அங்கீகரிக்கப்பட்டதா என்று சேருமுன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பணம். கல்விக்கடன் வாங்கினால் வட்டிக்கு வரிக்கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். அசலுக்கு இல்லை. கம்பெனியே ஃபீஸ் கட்டுகிறேன் என்றால் சந்தோஷம்தான், கூடவே இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கச் சொல்லி ஒரு பாண்ட் நீட்டுவார்கள். நான் என் பணத்தில் படித்தேன். டிபார்ட்மென்ட் மாறியபோது பெயருக்குத்தான் சம்பளம் ஏறியது. நிஜமான ஏற்றம் கம்பெனி மாறியபோது வந்தது, அதற்கு வழிசொன்னவர் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுக்காரர். பாண்ட் இருந்திருந்தால் அந்தப் புது வேலையைத் தவறவிட்டிருப்பேன். கையெழுத்துப் போடுமுன் மூன்றைப் பாருங்கள்: பாண்ட் காலம் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்தா, முடித்த நாளிலிருந்தா, பாதியில் போனால் முழுத் தொகையா, மீதி மாதங்களுக்கு மட்டுமா, அரியர் விழுந்து படிப்பு நீண்டால் பாண்டும் சேர்ந்து நீளுமா. மூன்றாவதற்கு ஹெச்.ஆரிடம் பெரும்பாலும் பதில் இருக்காது, மெயிலில் கேட்டு வையுங்கள்.