ஓப்ராக் மேட்டில் எந்த வழி? மூன்று நடைபாதைகளை ஒப்பிட்டு ஓர் அலசல்

ஓப்ராக் மேட்டுநிலத்துக்காகவே பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பிரான்சின் நடுமலைப் பகுதிக்குப் போகிறவர்களில் பலர், கடைசியில் அந்த மேட்டின் மேல் இருப்பது இரண்டே நாள்தான். பாதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். பேர்பெற்ற பாதை எது என்று பார்த்து முன்பதிவு செய்துவிடுகிறார்கள், அது மேட்டைக் குறுக்கே கடந்து மறுபக்கம் இறங்கிப் போய்விடுகிறது. நான் மூன்று வழிகளிலும் நடந்திருக்கிறேன், மூன்றும் எனக்குப் பிடிக்கும், ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

முதலில் இடம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். ஓப்ராக் என்பது ஆயிரம் மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் எரிமலைப் பாறை மேடு, கிழக்கே போகப் போகக் கருங்கல். லொசேர், அவேரோன், காந்தால் என்று மூன்று மாவட்டங்கள் இங்கே சந்திக்கின்றன. மரம் குறைவு. கண்ணுக்கு எட்டியவரை புல், இடையில் கல் சுவர்கள், ஆங்காங்கே பூரோன் என்னும் கல் குடில்கள். கோடையில் மாடுகளோடு மேலே வரும் மேய்ப்பர்கள் இந்தக் குடில்களில் தங்கித்தான் பாலாடைக்கட்டி செய்தார்கள். பழுப்பு நிற மாடு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம், யாரோ உட்கார்ந்து பொறுமையாக மை தீட்டிவிட்டது போல இருக்கும். வேலி ஓரமாக நின்றால் அருகில் வந்து முகர்ந்து பார்க்கும். அந்தக் கண்ணை அரை அடி தூரத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சரி, பாதைகளுக்கு வருவோம்.

ஜிஆர் 65 தான் எல்லோருக்கும் தெரிந்தது (ஜிஆர் என்பது பிரான்சில் எண் போட்ட நெடுந்தூர நடைபாதைகளுக்கான சுருக்கப்பெயர்). ஸ்பெயினில் உள்ள சந்தியாகோவுக்குப் போகும் பழைய யாத்திரை வழி. லு புய் நகரத்தில் தொடங்கி கோங்க் என்ற ஊர்வரை சுமார் 200 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் பத்து நாள். லு புய் பேராலயத்தில் காலை 7 மணிப் பூசை முடிந்ததும் யாத்ரீகர்களுக்கு ஆசி வழங்குவார்கள், அப்புறம் ஆலயத்தின் தரையிலேயே ஒரு கம்பிக்கதவு திறக்கும், அதன் வழியே படிகளில் இறங்கி நேராக ஊருக்குள் நடக்கத் தொடங்கலாம். நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் என்று யாரும் கேட்பதில்லை. சோக் என்ற ஊரைத் தாண்டி மார்ஜரீத் மலைக் காடுகள். ஜெவோதான் என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர், 1764 முதல் 1767 வரை ஜெவோதான் மிருகம் என்று பேர்வாங்கிய ஓநாய் போன்ற விலங்கு மக்களைக் கடித்துக் கொன்றது இந்தப் பக்கம்தான், சோக்கில் அதற்கென்றே ஒரு காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ஓமோன்-ஓப்ராக் வந்த பிறகுதான் நாம் தேடி வந்த மேடு தொடங்குகிறது.

ஓமோனிலிருந்து நஸ்பினால்ஸ் சுமார் 26 கிலோமீட்டர். முதல் பாதியில் பைன் காடு, வயல் எல்லாம் வரும், அதன் பிறகு மரங்கள் திடீரென்று நின்றுபோய் வானம் மட்டும் மிஞ்சும். அடுத்த நாள் நஸ்பினால்ஸிலிருந்து சேன் ஷெலிவரை 17 கிலோமீட்டர். 1998-ல் யுனெஸ்கோ பிரான்சின் யாத்திரை வழிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தனியாகக் குறித்த பாதைத் துண்டுகளில் இதுவும் ஒன்று. திறந்த புல்வெளியில் ஏறி 1368 மீட்டர் உயரத்தைத் தொட்டு ஓப்ராக் கிராமத்துக்கு இறங்குகிறோம். அங்கே 12-ஆம் நூற்றாண்டில் ஃப்ளாண்டர்ஸ் பகுதியிலிருந்து வந்த அதலார் என்ற பிரபு யாத்ரீகர்களுக்காக ஒரு மடம் நிறுவினார். பனிமூட்டமும் பனிப்புயலும் வந்தால் வழி தவறியவர்களைக் கூப்பிடுவதற்கென்றே அந்த மடத்தில் ஒரு மணி அடிப்பார்கள். நான் போன அன்று காலை பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூட்டம், மாட்டுக் கழுத்து மணிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுகூடப் புரியவில்லை. இந்த இடத்தில் ஏன் ஒரு மணி வேண்டியிருந்தது என்று அன்றைக்கு உடம்புக்கே தெரிந்தது.

அவ்வளவுதான், மேடு முடிந்துவிட்டது. ஓப்ராக்கிலிருந்து சேன் ஷெலிக்கு 500 மீட்டர் இறக்கம், முழங்காலுக்கு வேலை. அதற்குப் பிறகு லோத் ஆற்றுப் பள்ளத்தாக்கு, எஸ்பாலியோன், எஸ்தேன், கடைசியில் கோங்க். எல்லாம் அழகான ஊர்கள்தான். ஆனால் பத்து நாளில் இரண்டு நாள் மட்டுமே ஓப்ராக் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

அடுத்தது ஜிஆர் 70, ஸ்டீவன்சன் பாதை. 1878 செப்டம்பரில், 27 வயதில், ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் லு மொனஸ்தியே ஊரில் 65 ஃபிராங்கும் ஒரு கோப்பை பிராந்தியும் கொடுத்து மொதஸ்தீன் என்ற பெண் கழுதையை வாங்கி, பன்னிரண்டு நாளில் சேன் ழான் து கார்வரை நடந்தார். இன்றைக்குக் குறியிட்டிருக்கும் பாதை லு புய்யிலிருந்து அலேஸ்வரை சுமார் 270 கிலோமீட்டர். இது ஓப்ராக்கைத் தொடுவதே இல்லை, கிழக்கே ஒதுங்கிப் போகிறது. அப்படியிருந்தும் ஏன் இந்த ஒப்பீட்டில் சேர்க்கிறேன் என்றால், மேட்டுநில நடை வேண்டும் என்று தேடுகிறவர்கள் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தயங்கி நிற்கிறார்கள்.

ஜிஆர் 70-ன் பலமே அது மாறிக்கொண்டே இருப்பதுதான். முதலில் வெலே எரிமலை மேடு, பச்சைப் பருப்பு விளையும் வயல்கள். அப்புறம் லாங்கோன் பக்கத்துக் காடுகள். பிறகு மோன் லொசேர் மலை, அதன் உச்சி ஃபினியெல் 1699 மீட்டர், மூன்று பாதைகளிலும் இதுதான் உயர்ந்த இடம். மொட்டை மலை முதுகில் வழிகாட்ட நட்ட கல் தூண்கள் வரிசையாக நிற்கும். அங்கிருந்து இறங்கினால் போன்-த-மோன்வேர், 1702-ல் புரொட்டஸ்டண்ட் விவசாயிகளின் கமிசார் கிளர்ச்சி தொடங்கிய ஊர். வடக்கே கத்தோலிக்க ஊர்கள், தெற்கே புரொட்டஸ்டண்ட் ஊர்கள், கல்லறைகள் இருக்கும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும். அதற்குப் பிறகு செவென் மலைச்சரிவுகளின் செஸ்நட் காடுகள், வெயில், தெற்கத்திக் காற்று.

குழந்தைகளோடு போகிறீர்களா? அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். கழுதை வாடகைக்குக் கிடைக்கும், மூட்டையை அது சுமக்கும். வீட்டில் பத்து நிமிடம் நடக்கச் சொன்னால் முனகும் பிள்ளைகள் கழுதைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு 15 கிலோமீட்டர் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் எல்லாத் தங்குமிடங்களிலும் கழுதையைக் கட்ட இடம் இருக்காது, பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாதது: ஓப்ராக் மலைச் சுற்றுப் பாதை. 150 கிலோமீட்டருக்கும் மேல், ஒரு வட்டம். எங்கே தொடங்குகிறீர்களோ அங்கேயே முடியும், காரை நஸ்பினால்ஸில் விட்டுவிட்டுப் போகலாம். ஜிஆர் 65-ல் கோங்க் போய்ச் சேர்ந்தபின் திரும்பி வரப் பேருந்து தேட வேண்டியிருக்கும், ஜிஆர் 70-ல் அலேஸில் ரயில் இருக்கிறது, இங்கே அந்தக் கவலையே இல்லை.

மேட்டுநிலம்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் பதில் இந்தச் சுற்றுப் பாதைதான். இரண்டு நாளில் ஓடிப்போகிற அந்தப் புல்வெளி இங்கே ஒரு வாரம் உங்களோடு வரும். மந்தைகள் நூற்றாண்டுகளாக நடந்து அகலமாக்கிய பழைய மாட்டுத் தடங்களில் நடப்பீர்கள். கத்திக்குப் பேர்போன ஊர் வரும், எழுத்தில் லாகியோல், வாயில் லாயோல். நஸ்பினால்ஸிலிருந்து பக்கத்தில் தெரோக் அருவிக்குத் தனியாக ஒரு நடை போய்வாருங்கள். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழும், மேலே செதுக்கி அடுக்கினாற்போல எரிமலைப் பாறைத் தூண்கள், பின்னால் ஒரு குகை. சேன் அந்தெயோல் ஏரிக்கும் ஒரு பகல் ஒதுக்குங்கள். ஜெவோதானில் மக்கள் ஒரு மலை ஏரியில் துணியும் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் போட்டு மூன்று நாள் திருவிழா எடுத்ததை 6-ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் கிரெகரி எழுதிவைத்தார், அது இந்த ஏரிதான் என்று பலரும் கருதுகிறார்கள். காற்றில் சிற்றலை அடிக்கும் அந்த வெறும் கரையில் நான் நின்ற ஒரு மணி நேரத்தில் இன்னொரு மனிதர்கூட வரவில்லை.

குறையும் இருக்கிறது. ஜிஆர் பாதைகளுக்கு வெள்ளை-சிவப்புக் குறி, இதற்கு மஞ்சள்-சிவப்பு. மரமே இல்லாத இடத்தில் குறியை எதில் தீட்டுவது? வேலிக் கம்பத்திலும் கல்லிலும்தான், மூட்டம் வந்தால் ஒன்றும் தெரியாது. காகித வரைபடம் படிக்கத் தெரியாதவர் தனியாக வர வேண்டாம். தங்குமிடங்களும் ஜிஆர் 65 போல நெருக்கமாக இல்லை. பையை அடுத்த ஊருக்கு ஏற்றிவிடும் வண்டி வசதி ஜிஆர் 65-ல் சுலபம், இங்கே உங்கள் தோள்தான் வண்டி என்று நினைத்துத் தயாராகுங்கள்.

சாப்பாட்டில் ஓப்ராக் பாதைகள் இரண்டும் முன்னே நிற்கின்றன, அலிகோவுக்காக. மசித்த உருளைக்கிழங்கில் புதுப் பாலாடைக்கட்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். பதம் வந்ததும் மரக்கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கினால் அறுந்துபோகாமல் பட்டைநாடா மாதிரி நீண்டு வரும். பெரும்பாலும் கூடவே தொத்திறைச்சி வைப்பார்கள், லு புய் பருப்பிலும் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம். சைவம் என்றால் படுக்கை பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், போய்ச் சேர்ந்த மாலையில் சொன்னால் அவர்களுக்கும் சங்கடம் உங்களுக்கும் பசி.

எப்போது போகலாம்? ஓப்ராக்குக்கு மே கடைசி, ஜூன். மே 25-ஐ ஒட்டி மாடுகளைப் பூவும் கொடியும் கட்டி மேலே ஓட்டி வருவார்கள், புல்வெளி முழுக்க நார்சிசஸ் பூத்திருக்கும், வாசனைத் திரவியத்துக்காக அந்தப் பூக்களைப் பறித்துப் போகிறார்கள். ஆனால் மே விடுமுறைகளில் ஜிஆர் 65-ல் படுக்கை கிடைப்பது கஷ்டம், மாதங்களுக்கு முன்பே பிடித்துவையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் நிழலே இல்லை, பிற்பகலில் இடி மின்னல் வந்தால் அந்த வெட்டவெளியில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான். ஜிஆர் 70-க்கு செப்டம்பர் கடைசி, ஸ்டீவன்சன் போன அதே சமயம், தெற்கே செஸ்நட் விழத் தொடங்கியிருக்கும். குளிர்காலத்தில் மூன்றுமே வேண்டாம், பனியை வாரி அடிக்கும் காற்று, தங்குமிடங்களும் பெரும்பாலும் மூடிவிடும்.

தனியாக, முதல் முறை, நாலு பேரோடு பேசிக்கொண்டே நடக்க ஆசை என்றால் ஜிஆர் 65. மாலை மேசையில் முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் ஒரே பாத்திரத்து அலிகோவைப் பகிர்ந்து சாப்பிடுவது அங்கேதான் தினமும் நடக்கிறது. ஆனால் ஒன்று, நஸ்பினால்ஸில் ஒரு இரவுக்குப் பதில் இரண்டு இரவு போடுங்கள். நடுவில் கிடைக்கும் அந்த ஒரு பகலில் பையை அறையிலேயே விட்டுவிட்டு, மஞ்சள்-சிவப்புக் குறியைப் பிடித்து மதியம்வரை நடந்து போய்த் திரும்பி வாருங்கள். அடுத்த வருடம் எந்தப் பாதை என்பதை அதற்குள் நீங்களே முடிவு செய்திருப்பீர்கள்.