கண்ணாடிக்கு அடிக்கிற ‘நனோ’ தண்ணி: வாங்கிப் பார்த்தவன் சொல்றேன்

வண்டி முன்கண்ணாடியில மழைத்தண்ணி ஒட்டாம ஓட அடிக்கிற திரவம் இது, ஹட்டன்ல ஒரு மோட்டர் பார்ட்ஸ் கடையில வாங்கினது. 100 மில்லி போத்தல், 1,850 ரூபா. ‘நனோ டெக்னோலஜி’ன்னு எழுத்து மட்டும் பெருசு, உள்ளே என்ன இருக்குன்னு ஒரு வரி கிடையாது. “அண்ணே, இதை அடிச்சிட்டு வைப்பரைக் கழட்டி வீட்டுல வைங்க”ன்னான் கடைப் பையன். நான் நோர்வுட், பொகவந்தலாவைப் பக்கம் த்ரீவீல் ஓட்டுறவன். ஜூலை மாச மழையில அவனை ஏத்திக்கிட்டு ஒரு ஹயர் போயிருக்கணும்.

கண்ணாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காய வச்சு, அடிச்சுத் துணியால தேய்ச்சேன். முதல் மழைக்குப் பார்க்கவே ஆசையா இருந்துச்சு. சேம்பு இலையில நிக்கிற மாதிரி தண்ணி முத்து முத்தா நின்னுச்சு. நின்னதுதான் பிரச்சினையே. வளைவுக்கு வளைவு 20, 25ல ஊர்ற வண்டியில துளியைத் தள்ளிவிடக் காத்து எங்க இருக்கு? கொழும்பு ஹைவேயில கார் ஓட்டுறவங்களுக்குச் சரியா வரும். மூடுபனியில இன்னும் மோசம். பொடித்துளிக்கு உருள்ற அளவுக்குக் கனம் இல்ல. எதிர்ல வர்ற பஸ் லைட் ஒவ்வொரு புள்ளியிலயும் தனித்தனியா எரியுது. வைப்பரைப் போட்டா கிரீச்சுன்னு துள்ளுது.

‘நனோ’ எனக்குப் புதுசு இல்ல. 2021ல இலங்கையில ரசாயன உரத்தடை நேரம் இந்தியாவுல இருந்து நனோ நைட்ரஜன் திரவ உரம் வந்தப்பவே கேட்ட பேருதான். அர்த்தம் கேட்டது இப்பதான், ஏ.எல். படிக்கிற மகன்கிட்ட.

“ரொம்பச் சின்னதெல்லாம் நனோ இல்லப்பா. 1 நனோமீற்றர்ல இருந்து சுமார் 100 வரைக்கும்தான் கணக்கு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து லட்சமா வெட்டினா ஒரு துண்டுதான் 1 நனோமீற்றர்.” தலைமுடியோட தடிப்பே சுமார் 80,000 நனோமீற்றர் வருமாம். நம்ம மூடுபனித் துளியும் ஆயிரக்கணக்குல வருமாம், அதனால அதுவும் நனோ இல்ல. அந்த அளவுக்கு இறங்கினா பொருளோட குணமே மாறும், அந்த மாற்றத்தை வச்சு வேலை வாங்கினாத்தான் தொழில்நுட்பம்னான். தங்கத்தை 20 நனோமீற்றர் துகளாக்கித் தண்ணியில விட்டா சிவப்பாத் தெரியுமாம். கேட்டுக்கிட்டிருந்த அவங்கம்மா தாலியைத் தடவிப் பார்த்துக்கிட்டா.

“அப்ப போத்தல்ல போட்டிருக்கிறது பொய்யாடா?”

“சொல்ல முடியாதுப்பா. நீளம், அகலம், தடிப்பு மூணும் சின்னதா இருக்கணும்னு இல்ல. கண்ணாடியில ஒட்டுற படலத்தோட தடிப்பு மட்டும் அந்த அளவுக்குள்ள இருந்தாலும் நனோதான்.”

சரி, தடிப்பு எவ்வளவுன்னு போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆறு மாசம் நிக்கும்னு போட்டிருக்கான், அது மட்டும்தான். வைப்பர் ஓடுற இடத்துல பன்னிரண்டாம் நாளே தண்ணி பழையபடி பரவ ஆரம்பிச்சிருச்சு. ஓரத்துல மட்டும் இன்னும் முத்து நிக்குது.

மிச்சத்தை சைட் கண்ணாடி ரெண்டுக்கும் அடிச்சேன். அங்க நல்லாவே வேலை செய்யுது. வைப்பர் தேய்க்காது, துளியும் தானா வழிஞ்சு இறங்கிரும். அதுக்கு 1,850 ரூபா கொடுக்க மனசு வந்தா வாங்குங்க. நான் முன்கண்ணாடிக்குப் புது வைப்பர் றப்பர் போட்டுட்டேன்.