வாஷர் மாற்றாத கடைக்கு நான்கு வருடம் போன கதை

போன வாரம் கூட வேலை பார்க்கும் நண்பன் கேட்டான்: "மாப்ள, புது வண்டிக்கு ஃப்ரீ சர்வீஸ் முடிஞ்சிருச்சு. நீ போற பைபாஸ் ரோட்டுக் கடையிலயே ஆயில் மாத்திரலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் என் வேகன்ஆரின் ஆயில் சம்ப்புக்கு, அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டிக்கு, தண்டம் அழுதுவிட்டு வந்திருந்தேன். அன்றைக்கு வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது சூடு கொஞ்சம் தணிந்திருக்கிறது, முழுசாகவே சொல்கிறேன்.

வண்டி 2017 மாடல், பெட்ரோல். மதுரை கோ.புதூரிலிருந்து மேலூருக்குத் தினமும் போக வர ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், வருடத்துக்குப் பதினைந்தாயிரம் ஓடிவிடும். வாரண்டி முடிந்த பிறகு கம்பெனி சர்வீஸை விட்டுவிட்டு, ஆயில் மட்டும் மாற்றித் தரும் இந்தக் கடைக்கு மாறினேன். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். ஆனாலும் போனேன், காரணம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குத் திறந்திருப்பார்கள். முன்பதிவு கிடையாது. இருபது நிமிடம், முடிந்தது. கம்பெனி சர்வீஸில் காலை ஒன்பதுக்குச் சாவியைக் கொடுத்தால் சாயங்காலம் ஐந்துக்கு "வாட்டர் வாஷ் போயிட்டிருக்கு சார்" என்று போன் வரும். ஏசி அறையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக யாருடைய வண்டியையோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே அப்படியில்லை. வண்டிக்கு அடியில் ஆள் இறங்கி வேலை பார்க்கும் பள்ளம், அந்தப் பிட்டின் ஓரத்திலேயே நிற்கலாம். பையன் கீழே இறங்கி போல்ட்டைக் கழற்றியதும் பழைய ஆயில் முதலில் கட்டை விரல் தடிமனுக்குக் கருகருவென்று சூடாகப் பாய்ந்து, போகப் போக நூலாக மெலிந்து, கடைசியில் சொட்டுச் சொட்டாக நிற்கும். அந்தக் கடைசிச் சொட்டு வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன். என் வண்டியில் ஊற்றும் ஆயில் டப்பாவை என் கண்முன்னே சீல் உடைத்துத் திறக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. பழைய ஆயில் டிரம்முக்குப் போகும். சென்ட்ரிங் பலகைக்குத் தடவ ஆட்கள் வாங்கிப் போவார்களாம்.

குறைகளும் உண்டு. கறுத்த ஆயிலைக் காட்டன் வேஸ்டில் துடைத்துக் காட்டி, "பாருங்க சார், செத்துப்போச்சு" என்பார்கள். ஓடிய ஆயில் கறுக்கத்தான் செய்யும். புகைக்கரியையும் அழுக்கையும் படியவிடாமல் தன்னிலேயே பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. அப்புறம், ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்ணைக் காட்டி, "மதுரை வெயிலுக்கு இந்த 5டபிள்யூ-30 தண்ணி மாதிரி சார், கெட்டியா போட்டுக்கலாம்" என்பார்கள். வெளியே வெயில் நாற்பதானாலும் கொடைக்கானல் குளிரானாலும் தெர்மோஸ்டாட் என்கிற சூடு காக்கும் வால்வு எஞ்சினைத் தொண்ணூறு டிகிரியை ஒட்டித்தான் வைத்திருக்கும். வண்டிக் கம்பெனி புத்தகத்தில் போட்ட எண்ணுக்கும் மதுரை வெயிலுக்கும் சண்டையே இல்லை. இதை நான் சொன்னால் அந்தப் பையன் சிரிப்பான். சரி, சிரிக்கட்டும்.

பிறகு அந்த ஸ்டிக்கர். கண்ணாடி மூலையில் ஒட்டி, அடுத்த மாற்றம் 5,000 கிலோமீட்டரில் என்று எழுதிவிடுவார்கள். என் வண்டியின் புத்தகம் சொல்வது 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. அமெரிக்காவில் இதே தொழில் 3,000 மைல் கணக்கை வெகுகாலம் சொல்லிப் பிழைத்தது, அது நம் கணக்கில் சுமார் 4,800 கிலோமீட்டர். ஆக இந்த ஐயாயிரத்தை இவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நியாயமாகச் சொன்னால், சிம்மக்கல்லுக்கும் மாசி வீதிக்கும் நடுவே முதல் கியரிலேயே ஊர்ந்து, எஞ்சின் சூடேறுவதற்குள் அணைக்கிற வண்டிக்குச் சீக்கிரம் மாற்றுவது நல்லதுதான். நான்குவழிச் சாலையில் ஓடுகிற என் வண்டிக்கு அது தேவையில்லை. எதிர் வீட்டு சார் இதற்கு நேர் எதிர். ஞாயிறு மட்டும் அழகர்கோவிலுக்கு எடுப்பார். "கிலோமீட்டரே ஓடலையே தம்பி" என்று இரண்டரை வருடமாக ஒரே ஆயில். ஓடாவிட்டாலும் ஆயிலுக்கு வயசாகும் என்று சொல்லிப் பார்த்தேன். என்னை ஆயில் கடை ஏஜென்ட் என்று நினைத்துவிட்டார்.

முதல் இரண்டு வருடம் ஸ்டிக்கர் பேச்சைக் கேட்டு ஆறு தடவை மாற்றினேன். அப்புறம் புத்தகப்படி மூன்று தடவை. ஆக ஒன்பது தடவை. இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், ஒன்பது தடவையும் ஒரே வாஷர்.

பழைய ஆயிலை இறக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவில் பத்துப் பைசா அகலத்துக்கு ஓர் அலுமினிய வளையம் இருக்கும். மெத்தென்ற உலோகம். போல்ட்டை இறுக்கும்போது அது நசுங்கி இடைவெளியை அடைக்கும். ஒரு தடவை நசுங்கியது மறுபடி அதே மாதிரி அடைக்காது, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் புதுசு போடச் சொல்கிறார்கள். விலை ஒரு டீ, வடைக் காசு. முதல் தடவையே கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றான் பையன். பழைய வாஷர் லேசாகக் கசிந்தால் என்ன செய்வார்கள்? இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள். அடுத்த தடவை ஸ்பேனரில் பைப்பைச் செருகி இன்னும் கொஞ்சம். நானும் பிட்டின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். இருபது நிமிடத்தில் வேலை முடிகிற சுகத்தில் வாயைத் திறக்கவில்லை.

இந்த மார்கழியில் வாசலில் ஒரு கறுப்புச் சொட்டு. என் மனைவி முதல் நாள் அதைத் தேய்த்துக் கழுவினாள். இரண்டாம் நாளும் கழுவினாள். மூன்றாம் நாள் கோலத்தையே ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டு, "என்னங்க, உங்க வண்டி என்னைவிட முன்னாடி எந்திரிச்சுப் புள்ளி வைக்குது" என்றாள்.

ஒத்தக்கடையில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் கீழே படுத்து போல்ட்டில் கை வைத்ததுமே சொல்லிவிட்டார், "திரெட் போயிருச்சு தம்பி." போல்ட் பிடித்து நிற்கும் சம்ப்பின் மரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு சைஸ் பெரிய போல்ட்டாகப் போடலாம், ஆனால் அதையும் இதே மாதிரி இறுக்கினால் எத்தனை நாள் நிற்கும் என்றார். புது சம்ப், புது ஆயில், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்தை ஒட்டி வந்தது. நான்கு வருடத்தில் கம்பெனி சர்வீஸுக்குப் போகாமல் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு போயிற்று, அவ்வளவுதான். மிச்சம் மிச்சமாகவே இருக்கிறது என்பதுதான் கோபத்திலும் உறுத்தியது.

பழைய வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சண்டை போடவே அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. "அடுத்த தடவை நீங்களே வாங்கிட்டு வந்துருங்க, போட்டுத் தர்றேன்" என்று சொல்லி டீ வரவழைத்தார். குடித்தேன்.

நண்பனுக்குப் பதில் இதுதான்: போகாதே. உன் வண்டிக்கு வாரண்டி இருக்கிறது, கம்பெனியிலேயே விடு. பக்கத்தில் நின்று ஸ்பேனரைப் பார்க்கிற பொறுமையும் உனக்குக் கிடையாது.

இதைச் சொல்லும்போது என் வண்டியில்தான் உட்கார்ந்திருந்தான். டாஷ்போர்டைத் திறந்தவன் உள்ளே பிளாஸ்டிக் கவரில் நான்கு புது வாஷரைப் பார்த்துவிட்டான்.

"அப்ப நீ மட்டும் எதுக்குடா அங்கேயே போற?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு வேறு எவன் திறந்து வைத்திருக்கிறான்?