ஓப்பன்எஸ்எஸ்எல்: மூடும் இடத்தில் மட்டும் தீராத எரிச்சல்

மறையாக்கிய இணைப்பை முடித்துக்கொள்ள அழைக்கும் எஸ்எஸ்எல்_ஷட்டவுன் 0 என்று திருப்பித் தருகிறதே, இது பிழையா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்து காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஹேண்ட்ஷேக் என்னும் தொடக்கப் பேச்சுவார்த்தை, சான்றிதழ்ச் சரிபார்ப்பு, வேகம் எதிலும் எனக்குக் குறையில்லை. என் எரிச்சல் முழுவதும் இந்த ஒரு ஃபங்ஷன் மீதுதான்.

அந்த 0 பிழையன்று. 'இத்தோடு முடித்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் க்ளோஸ்_நோட்டிஃபை செய்தி நம் பக்கத்திலிருந்து போய்விட்டது, எதிர்ப்பக்கத்தினுடையது இன்னும் வரவில்லை என்பதே அதன் பொருள். இரண்டும் முடிந்தால் 1. கெட்டுப்போனாலோ, நான்-பிளாக்கிங் சாக்கெட்டில் (காத்து நிற்காமல் உடனே திரும்பிவிடும் இணைப்பு முனை) காத்திருக்க வேண்டியிருந்தாலோ எதிர்மறை எண். இதே லைப்ரரியின் மற்ற ஃபங்ஷன்களில் பெரும்பாலும் 0 என்றால் தோல்வி. இங்கே மட்டும் அது பாதிக் கிணறு தாண்டிய நிலை. பழக்கதோஷத்தில் உடனே, பிழையின் வகையைச் சொல்லும் எஸ்எஸ்எல்_கெட்_எரரை அழைத்தால், இல்லாத சிஸ்டம் பிழையொன்றை அது காட்டக்கூடும் என்று கையேடே எச்சரிக்கிறது. செய்ய வேண்டியது, எதிர்ப்பக்கம் முறையாக முடித்துக்கொண்டது என்று காட்டும் 'ஜீரோ ரிட்டர்ன்' வரும்வரை, தரவைப் படிக்கும் எஸ்எஸ்எல்_ரீடை ஓட்டி, மிச்சமிருக்கும் தரவைப் படித்துத் தீர்த்துவிட்டு, அதன் பிறகு சாக்கெட்டை மூடுவது. எஸ்எஸ்எல்_ஃப்ரீ இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். அது நினைவகத்தை விடுவிக்குமே தவிர, யாருக்கும் எதையும் அறிவிக்காது.

இவ்வளவு சடங்கு எதற்கு என்றால், அடியில் ஓடும் டிசிபி நெறிமுறையில் இணைப்பு முடிந்தது என்று சொல்லும் ஃபின் பாக்கெட்டை நடுவில் இருக்கும் எவரும் போலியாக அனுப்பிவிட முடியும் என்பதற்காகத்தான். 1996இல் வந்த எஸ்எஸ்எல் 3.0 மறையாக்க நெறிமுறை முதற்கொண்டு இருக்கும் க்ளோஸ்_நோட்டிஃபை இரண்டே பைட் செய்திதான் என்றாலும், மறையாக்கத்துக்குள் பயணிப்பதால் அதைப் போலியாகச் செய்ய இயலாது. சொல்லிக்கொண்டு புறப்பட்டவரையும் பாதிப் பேச்சில் வாய் பொத்தப்பட்டவரையும் பிரித்தறிய அதுவே வழி. ஹெச்டிடிபியில் தரவின் நீளத்தை முன்கூட்டியே சொல்லும் கன்டென்ட்-லெங்த் இருந்தால் பிழைத்தோம். எங்களுக்கு அன்றாடக் கணக்குக் கோப்பு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் சர்வரோ நீளத்தையும் சொல்லாது, க்ளோஸ்_நோட்டிஃபையும் அனுப்பாது. கோப்பு முழுதாக வந்ததா, வழியில் அறுந்ததா என்று எந்த லைப்ரரியாலும் சொல்ல முடியாது.

2021இல் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 பதிப்பு இத்தகைய திடீர் முடிவை 'அன்எக்ஸ்பெக்டெட் ஈஓஎஃப் வைல் ரீடிங்' (படிக்கும்போது எதிர்பாராத முடிவு) என்று வெளிப்படையான பிழையாக்கியது. அதற்கு முன்பு சிஸ்டம் பிழை என்று சொல்லி, பிழை எண்ணாக 0 தந்து குழப்பிக்கொண்டிருந்தார்கள். 2020 மார்ச்சில் 1.1.1இ பதிப்பிலேயே இதைச் செய்து பார்த்து, பல ப்ரோகிராம்கள் உடைந்ததால், அம்மாத இறுதியில் வந்த 1.1.1எஃப்பில் பின்வாங்கியிருந்தார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0க்கு மாறியதும் என் லாக் முழுவதும் அந்த வரிதான் நிரம்பியது. கோபம் வந்தாலும், அது சொல்வது உண்மை என்பதால் வாயடைத்துப்போனேன். பிழையை அடக்கிவைக்க ஓர் ஆப்ஷன் உண்டு. நீளம் தெரியாத இடத்தில் அதைப் போடுபவர்கள் என்ன நினைத்துப் போடுகிறார்களோ!

எஸ்எஸ்எல்லின் வாரிசான டிஎல்எஸ் நெறிமுறையின் 1.3 பதிப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. எழுதுவதோடு நின்றுவிடும் கிளையன்ட், ஹேண்ட்ஷேக்குக்குப் பின் சர்வர் அனுப்பும் செஷன் டிக்கெட்டுகளை (அடுத்த முறை விரைவாக இணைய உதவும் சீட்டுகள்) படிக்காமலே சாக்கெட்டை மூடினால், படிக்காத தரவு கிடப்பதைக் கண்ட கெர்னல், இணைப்பைச் சட்டென்று முறிக்கும் ரீசெட்டை அனுப்பிவிடக்கூடும். கடைசியாக எழுதிய தரவு சர்வர் படிப்பதற்குள் தொலைந்துபோகலாம். ஆகவே படிக்க ஒன்றுமில்லை என்று நினைப்பவரும் படித்தே தீர வேண்டும்.

நம்பகத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு முழு மதிப்பெண் தருவேன்; என் பழைய சர்வர்களை இதிலிருந்து மாற்றும் எண்ணமும் இல்லை. ஆனாலும் நண்பரிடம், புதிதாக எழுதுவதென்றால் கோ மொழியில் எழுதுங்கள் என்றே சொன்னேன். அங்கே க்ளோஸ் என்று ஒரு முறை அழைத்தால், க்ளோஸ்_நோட்டிஃபையை அனுப்ப 5 விநாடி வரை முயன்றுவிட்டு, சாக்கெட்டையும் அதுவே மூடிவிடுகிறது.