முட்டிக்கும் அளவெடுக்க வேண்டும்: நீ கேப்போடு மூன்று வருடம்

அரவேணுவில் எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. ரோட்டிலிருந்து வாசலுக்கு 74 படி. பாதி சிமெண்ட், மீதி மண்ணில் கல் பதித்தது. காலையில் ஏறி, பஸ் பிடித்து, கோத்தகிரி பஜாரில் உள்ள என் தையல் கடைக்குப் போவேன். சாயங்காலம் இறங்குவேன். இருபத்தாறு வருடமாக இதுதான் பழக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில், இறங்கும்போது வலது முட்டியின் உள்பக்கம் ஊசி ஏறியது போல வலித்தது. அன்று நின்று நின்று வீடு வந்து சேர்ந்தேன். ஏறும்போது பெரிதாகத் தெரியவில்லை. இறங்கும்போதுதான் உயிர் போனது.

மலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். படி இறங்கும்போது உடம்பின் மொத்த பாரமும் மடங்கிய ஒற்றை முட்டியில் விழுகிறது. தொடைத் தசை அந்த பாரத்தைப் பிடித்துப் பிடித்து இறக்க வேண்டும். சமதளத்தில் ஒன்றும் தெரியாத முட்டி, இறக்கத்தில் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே மெதுவாக இறங்கலாம் என்றாலும் முடியாது. இருட்டினால் தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும், சில நாள் கரடியும் வரும். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குள் போயாக வேண்டும்.

மறுநாளே மருந்துக்கடையில் ஒரு நீ கேப் (knee cap), அதாவது முட்டியைப் பிடித்துக்கொள்கிற உறை, வாங்கினேன். கடைக்காரத் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “உங்களுக்கு எல் சைஸ் போதும்க்கா” என்று எடுத்துக் கொடுத்தார். 280 ரூபாய். காலுறை போல இழுத்து மாட்டுகிற எலாஸ்டிக் வகை. அளவெடுக்காமல் ஒரு ஜாக்கெட் துணியில்கூட நான் கத்தரி வைக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான் என் முட்டிக்கு அளவு கேட்காமல் வாங்கி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

அதைக் காலை ஆறு மணிக்கு மாட்டினால் இரவு படுக்கும்போதுதான் கழற்றுவேன். போட்டிருந்தால் நல்லது என்று நினைப்பு. இரண்டு மணி நேரம் மிஷினில் உட்கார்ந்தால் அதன் மேல் ஓரம் சுருண்டு, முட்டி மடிப்புக்குப் பின்னால் கயிறு போலத் திரண்டு நிற்கும். பாவாடை நாடா இறுக்கிய இடம் போலச் சிவப்பாக ஒரு கோடு விழும். சாயங்காலம் கெண்டைக்கால் வீங்கும். நான்கு மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்தும் போனது. புதிதாக வாங்கியபோது இருந்த சுற்றளவைவிட முக்கால் அங்குலம் கூடியிருந்ததை இன்ச் டேப்பில் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அது கீழே நழுவியதே தவிர எதையும் பிடிக்கவில்லை.

இரண்டாவதை மகள் ஆன்லைனில் வரவழைத்தாள். “இது ஸ்ட்ராங்கா இருக்கும்மா” என்றாள். ரப்பர் போன்ற கனமான நியோபிரீன் துணி, முட்டிச் சில்லுக்கு நேராக ஓட்டை, இரண்டு பக்கமும் கீல் வைத்த உலோகப் பட்டை. 1,350 ரூபாய். படி இறங்க அருமையாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது. முட்டி பக்கவாட்டில் ஆடாமல் நின்றது, குளிருக்கும் இதமாக இருந்தது. ஆனால் மிஷினில் உட்கார்ந்தால் பட்டை தொடையில் குத்தியது. அந்தத் துணி வியர்வையை வெளியே விடாது. எங்கள் ஊர்க் குளிரிலும் உள்ளே ஈரம் கட்டி, மூன்று வாரத்தில் தோலில் சிவப்பு தடித்து அரிப்பு வந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். லேசாக ஆடுகிற முட்டிக்கு, சவ்வு அடிபட்டுத் தேறுகிறவர்களுக்கு, அந்தக் கீல் வகை தேவைப்படும். எனக்கு அது அதிகம் என்பது பிறகுதான் தெரிந்தது.

கோயம்புத்தூருக்கு இறங்கி ஓர் ஆர்த்தோ டாக்டரைப் பார்த்தது அப்புறம்தான். முதலிலேயே போயிருக்க வேண்டும். என்னை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். பாரம் விழும்போதுதான் இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சரியாகத் தெரியுமாம். சீட்டில் ‘கிரேடு 2’ என்று இருந்தது. முட்டித் தேய்மானத்தை எக்ஸ்ரே பார்த்து 0 முதல் 4 வரை பிரிக்கும் அந்தக் கணக்கை 1957இல் கெல்க்ரென், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தார்கள். 2 என்றால் தேய்மானம் உறுதி, ஆனால் ஆரம்ப நிலை.

பையிலிருந்து இரண்டு நீ கேப்பையும் எடுத்து மேஜையில் வைத்தேன். டாக்டர் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதைப் போட்டா தேய்ஞ்ச குருத்தெலும்பு வளராதும்மா. வலி கொஞ்சம் குறையும். வலி குறைஞ்சா நீங்க நடப்பீங்க, பயிற்சி செய்வீங்க, தொடைத் தசை பலமாகும். முட்டியைத் தாங்கப் போறது அந்தத் தசைதான்.” உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறையும் என்றும் சொன்னார். அந்தக் கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு வருடத்தில் நான்கு கிலோ குறைத்தேன். பேக்கரி வர்க்கியும் சர்க்கரை போட்ட டீயும் நின்றது அப்போதுதான்.

அளவு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பிசியோதெரபிஸ்ட். என்னை நிற்க வைத்து, முட்டியை லேசாக மடக்கச் சொல்லி, சில்லின் நடுவில் ஒரு சுற்று, அதற்கு மேலே தொடையில் ஒரு சுற்று என்று டேப் வைத்தார். சில கம்பெனிகள் சில்லின் மேல் எடுத்த அளவைக் கேட்கும், சில தொடை அளவைக் கேட்கும். டப்பாவில் படம் போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் ‘எம்’, ‘எல்’ என்று வாங்கினால் மாறிப் போகும். ஒரு கம்பெனியின் எம் இன்னொன்றின் எல்லாக இருப்பதை நானே பார்த்தேன். என் முட்டி காலையில் 15 அங்குலம். நாள் முழுக்க வேலை செய்த பிறகு கால் அங்குலம் கூடும். இதை அவரிடம் சொன்னபோது, “அப்ப இழுத்து மாட்டறது வேண்டாம்க்கா, கட்டிக்கிற மாதிரி வாங்குங்க. காலையில ஒரு இறுக்கம், சாயங்காலம் ஒரு இறுக்கம் வெச்சுக்கலாம்” என்றார்.

அப்படி வந்ததுதான் மூன்றாவது. சுற்றிக் கட்டி, மேலும் கீழும் வெல்க்ரோ பட்டையால் ஒட்டுகிற வகை. சில்லுக்கு நேராக வட்டமாகத் திறப்பு, அதன் ஓரத்தில் மெத்தென்ற வளையம். பக்கத்தில் கீலுக்குப் பதிலாக வளைந்து கொடுக்கும் சுருள் கம்பி. 720 ரூபாய். இரண்டு வருடத்துக்கு மேலாக இந்த வகையைத்தான் போடுகிறேன்.

வாங்கும்போது தையல்காரியாக நான் பார்ப்பதைச் சொல்கிறேன், மருந்துக்கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முட்டி மடிப்புக்குப் பின்னால் தடித்த தையல் வரக் கூடாது. அங்கே கை விரலை ஓட்டினால் மேடு தட்டக் கூடாது. அந்த இடத்துத் துணி மற்ற இடத்தைவிட மெல்லியதாக, காற்றுப் போகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் வெல்க்ரோவின் ஓரம். அதை ஒற்றைத் தையலில் விட்டிருந்தால் ஆறு மாதத்தில் பிரியும். பெட்டி போல நான்கு பக்கமும் ஓட்டி, குறுக்கே ஒரு தையல் போட்டிருந்தால் நிற்கும். சுருள் கம்பியின் நுனி துணிக்குள் நன்றாகப் புதைந்திருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். கடையிலேயே கட்டிக்கொண்டு இருபது அடி நடந்து, ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கட்டிய பிறகு ஓரத்துக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். கால் மரத்தாலோ, விரல் குளிர்ந்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ அது இறுக்கம்.

எப்போது போடுவது என்பதில்தான் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்தது. காலையில் படி ஏறும் முன் கட்டுவேன். கடைக்குப் போனதும் கழற்றி, மிஷின் ஸ்டாண்டில் மாட்டிவிடுவேன். சாயங்காலம் பஸ் ஏறும் முன் திரும்பவும் கட்டுவேன். ஆக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்கூட இருக்காது. உட்கார்ந்திருக்கும்போது அதற்கு வேலையே இல்லை. தூங்கும்போதும் வேண்டாம். முதல் வருடம் நாள் முழுக்க மாட்டிக்கொண்டு பட்ட வேதனையில் பாதி தேவையில்லாதது.

கால்மிதி மிஷினுக்கு மோட்டார் வைத்ததும் உதவியது. அதற்கு முன்னால் நாளெல்லாம் முட்டியை மடக்கியபடி மிதித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு ஜாக்கெட் முடிந்ததும் எழுந்து, காலை நீட்டி மடக்கிவிட்டு அடுத்த துணியை எடுக்கிறேன். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையும் பொங்கலும் அடுத்தடுத்து வரும்போது கடையில் துணி குவியும். அப்போதும் இதை விடுவதில்லை.

நம் ஊருக்கென்று உள்ள தொல்லை, காய்வது. இந்தப் பக்கம் வடகிழக்கு மழை பிடித்தால், ஐப்பசி கார்த்திகையில் துவைத்த எதுவும் இரண்டு நாளைக்குக் காயாது. ஈர நீ கேப்பைக் கட்டினால் தோல் புண்ணாகும். அதனால் ஒரே மாதிரி இரண்டு வாங்கிவிட்டேன். வாரம் இரண்டு தடவை சோப்புத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல், துண்டில் சுற்றி அழுத்திவிட்டு நிழலில் போடுவேன். அவசரத்துக்கு அடுப்புப் பக்கம் வைத்து ஒன்றைக் கெடுத்தேன். சூட்டில் உள்ளே ஒட்டியிருந்த பஞ்சுத் துணி கொப்பளம் போல எழும்பிப் பிரிந்துவிட்டது. துவைக்கும் முன் வெல்க்ரோவை மூடி ஒட்டிவிட வேண்டும்.

வெல்க்ரோ தளர்ந்துவிட்டது என்று பலர் தூக்கிப் போடுகிறார்கள். உற்றுப் பாருங்கள். கொக்கிப் பக்கத்தில் ஸ்வெட்டர் நூலும் கம்பளிப் பிசிறும் சாம்பல் நிறத்தில் மெத்தை போல அடைத்திருக்கும். குளிருக்கு எந்நேரமும் கம்பளியோடு இருக்கிற ஊர் இது. நான் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் உட்கார்ந்து, ஊசி முனையால் பிசிறை வரிவரியாகக் கிளப்பி, பழைய பல் பிரஷால் தேய்த்து எடுப்பேன். கால் மணி நேர வேலை. பட்டை புதுசு போல ஒட்டும். இப்படிப் பார்த்துக்கொண்டதில் முதல் ஜோடி பதினெட்டு மாதம் வந்தது. துணியே இழுவை விட்ட பிறகுதான் மாற்றினேன்.

இன்னும் இரண்டு வகை இருக்கிறது, நான் போட்டதில்லை. சில்லுக்குக் கீழே மட்டும் கட்டுகிற சின்னப் பட்டை, சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் வலிக்கானது. என் போல உள்பக்கத் தேய்மானத்துக்கு அதனால் பயனில்லை என்று பிசியோ சொல்லிவிட்டார். இன்னொன்று, தேய்ந்த பக்கத்தின் பாரத்தை மறுபக்கம் தள்ளுகிற பெரிய பிரேஸ். மூன்று இடத்தில் அழுத்தி, கால் வளைகிற திசைக்கு எதிராகத் தள்ளும். விலை பல ஆயிரம் ஆகும், அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். மேட்டுப்பாளையத்தில் என் சித்தி போடுகிறார். அவருக்குக் கால் வில் போல வளைந்துவிட்டது. அதைக் கட்டிய பிறகுதான் கோயிலுக்குத் தனியாகப் போய் வருகிறார். எனக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

என் அக்காவுக்கும் முட்டி வலி. நான் போடுவதைப் பார்த்து அதே மாதிரி வேண்டும் என்றார். அவருக்குச் சர்க்கரை உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. இறுக்கிக் கட்டினால் வலிக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. “டாக்டரைக் கேக்காம கட்டக் கூடாதுக்கா” என்று நிறுத்தினேன். நரம்புச் சுருட்டல் உள்ளவர்களும் அப்படித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். முட்டி திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தாலோ, மடக்க நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, அங்கே நீ கேப்பைத் தேட வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயிற்சி இல்லாமல் இதெல்லாம் நின்றிருக்காது. தினமும் காலையில் பாயில் உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணுவேன். பிறகு படுத்து, காலை மடக்காமல் ஓர் அடி உயரம் தூக்கி நிறுத்துவேன். பத்து, பத்து. இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் கீழே வைப்பது, ஏறும்போது நல்ல காலை முதலில் மேலே வைப்பது, கோலை வலிக்காத பக்கத்துக் கையில் பிடிப்பது, இதுவும் பழகிவிட்டது.

இப்போது அந்த 74 படியை நடுவில் ஒரே ஒரு தடவை நின்று இறங்குகிறேன். வலி முழுசாகப் போகவில்லை. மழைக் குளிர் நாளில் காலையில் பிடிப்பு இருக்கும், நடந்தால் விடும். வெயில் காலத்தில் சில நாள் நீ கேப் இல்லாமலே வந்துவிடுகிறேன்.

கடைக்கு வருகிற அக்காமார்கள் ஸ்டாண்டில் தொங்குவதைப் பார்த்துக் கேட்பார்கள். ஜாக்கெட்டுக்கு அளவெடுத்து முடித்ததும் அவர்கள் முட்டிக்கும் டேப்பை வைத்து, சில்லின் நடுவில் ஒன்று, தொடையில் ஒன்று, இரண்டு எண்ணையும் பில்லின் பின்னால் எழுதிக் கொடுக்கிறேன். அதோடு மருந்துக்கடைக்குப் போகிறார்கள்.