நான்கு வருடக் கடல் வாழ்த்து அட்டைகள்: எது நிலைத்தது, எது வெளுத்தது

போன மாதம் டெல்லியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நான்கு வருடமாக நான் அனுப்பிய வாழ்த்து அட்டைகளை ஜன்னலோர அலமாரியில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். பதினோரு அட்டை, எல்லாமே கடல். கையால் செய்த அட்டையைக் கவரில் போட்டு ஒட்டியதும் அது நம்மைவிட்டுப் போய்விடுகிறது. வருடக்கணக்கில் வெயில் பட்டபிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிடைப்பது அபூர்வம். எனக்குக் கிடைத்ததால் இதை எழுதுகிறேன்.

கண்ணில் முதலில் பட்டது வெளுப்பு. முதல் வருடத்து அட்டை ஒன்றில் சூரியன் மறையும் வானத்தை, ரப்பர் ஸ்டாம்புக்கு வைத்திருந்த ரோஸ் நிறச் சாய மையைப் பஞ்சால் ஒற்றிச் செய்திருந்தேன். அந்த ரோஸ் இப்போது ஏறக்குறைய இல்லை. அதே அட்டையில் அல்ட்ராமரின் நீலத்தில் தீட்டிய கடல் அப்படியே இருக்கிறது. சாய மைகள் பெரும்பாலும் வெயிலைத் தாங்குவதில்லை. வாட்டர் கலரிலும் அலிசரின் கிரிம்சன் போல வெளுக்கிற சிவப்புகள் உண்டு. நல்ல டியூப்களில் நிறமியின் எண்ணைப் போட்டிருப்பார்கள், பி.பி. (பிக்மென்ட் ப்ளூ) 29 என்றால் அல்ட்ராமரின், பி.பி. 15 என்றால் தாலோ நீலம். இரண்டும் வெயிலுக்கு நிற்கும். இப்போது எண் பார்க்காமல் நான் டியூப் வாங்குவதில்லை.

சரி, ஏன் எல்லாமே கடல்? நாங்கள் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் வளர்ந்தவர்கள். ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்பார்கள். பெண்கடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அமைதி. வாடைக் காலத்தில் அதுவும் சீறும். ஒரே ஊரில் இரண்டு கடல் பார்த்து வளர்ந்தவளுக்கு, கடையில் விற்கும் ஒரே மாதிரி நீலக் கடல் அட்டையை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அந்த இரண்டு கடலையும் இரண்டு நிறமாகக் கொண்டுவரத்தான் அதிகக் காலம் பிடித்தது. ஆண்கடலுக்கு அல்ட்ராமரினும் துளி தாலோவும். அல்ட்ராமரின் துகள்கள் காகிதத்தின் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். கரையோரத்தில் அதுவே மணல் கலங்கிய தண்ணீர் போலத் தெரியும். பெண்கடலுக்கு விரிடியன் பச்சை, கொஞ்சம் அல்ட்ராமரின், பிரஷ் நுனியில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. தாலோவில் மட்டும் கவனம் தேவை. அது காகிதத்தில் ஊறிவிட்டால் ஈர பிரஷ் வைத்துத் தேய்த்தாலும் முழுதாக எடுக்க முடியாது. என் முதல் பத்து அட்டைகளில் பாதியை அது விழுங்கியது.

நுரை விஷயத்தில் நான் கற்றது இன்னும் பெரிது. முதலில் வெள்ளை கவாஷ் (அடியிலுள்ள நிறத்தை மறைக்கும் கெட்டி வண்ணம்) வாங்கி நுரையைத் தீட்டினேன். எவ்வளவு முயன்றும் பற்பசை வைத்த மாதிரியே இருந்தது. பிறகு ஒருநாள், பிடிக்காத ஓர் அட்டையைக் கிழித்துப் போட்டபோது, கிழிந்த விளிம்பில் காகிதத்தின் உள்வெள்ளை ஒழுங்கில்லாமல் நெளிந்து தெரிந்தது. அதுதான் நுரை! அன்றிலிருந்து இரண்டு மூன்று நீலத்தில் தனித்தனித் தாள் தீட்டிக் காயவைத்து, பட்டை பட்டையாகக் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறேன். வண்ணப் பக்கம் மேலே இருக்கக் கிழித்தால் இரண்டு துண்டில் ஒன்றில்தான் வெள்ளை விளிம்பு வரும். அந்தத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரி பக்கமே போகாதீர்கள்.

உப்பு தூவுவதும் எனக்குப் பிடிக்கும். நிறம் தீட்டி, ஈரப் பளபளப்பு அடங்கப்போகிற நேரம் பார்த்துத் தூவ வேண்டும். கல்லுப்பு பெரிய பூவாக விரியும், தூள் உப்பு சாரல் தெறித்தது போல வரும். நன்றாகக் காய்ந்ததும் கடைசிப் பரல் வரை தட்டி எடுத்துவிட வேண்டும். நான் அழகுக்காக நாலு பரலை ஒட்டியபடி விட்ட அட்டை மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து, அந்த இடமெல்லாம் கறையாகியிருக்கிறது.

தொடுவானம் கோணினால் கடல் கொட்டிவிடுவது போலிருக்கும், அதற்கு மாஸ்கிங் டேப், தீட்டுமுன் ஓரத்தில் ஒட்டி மறைத்து, பிறகு உரித்தெடுக்கிற காகித டேப். ஒட்டுமுன் டேப்பைத் துணியில் ஒருமுறை ஒற்றி எடுங்கள், காகிதத் தோல் உரியாது.

காகிதம் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தான் வைத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே என்றால் ஈரத்தில் அலையடிக்கிறது. ஆனால் எடையைப் பார்க்க வேண்டும். இந்தக் கனத்தில் ஏ4 தாள் ஒன்று 18.75 கிராம். கவரும் கிழித்து ஒட்டிய பட்டைகளும் சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டி, தபால் கட்டணம் அடுத்த படிக்குப் போய்விடும். இது தெரியாமல் குறைந்த ஸ்டாம்பு ஒட்டி அனுப்பி, அக்கா கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள். இப்போது ஏ4-ஐப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடிக்கிறேன். அட்டை சுமார் ஒன்பதரை கிராம், ஒட்டுவேலைக்கும் இடம் இருக்கிறது. மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு போட்டுக்கொண்டால் மடிப்பு வெடிக்காது.

ஒட்டுவதில், இரட்டைப் பக்க டேப் டெல்லிக் கோடையில் கைவிட்டிருக்கிறது. இரண்டு அட்டையில் அலைகள் கழன்று தொங்கின. மெல்லியதாகத் தடவிய வெள்ளைப் பசை அப்படியே பிடித்திருக்கிறது. தடவியதும் கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அட்டை வளையும்.

சிப்பி ஒட்டிய அட்டை தபாலில் நொறுங்கித்தான் போய்ச் சேர்ந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கரையில் கிடக்கிறதே என்று பவளத் துண்டை எடுத்து ஒட்டாதீர்கள். பவளப்பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அந்தக் கடலை நேசித்து அட்டை செய்துவிட்டு அதையே பெயர்த்து ஒட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

பதினோரு அட்டையில் எனக்கு முழுத் திருப்தி தந்தவை நான்கு. நான்கும் கிழித்த காகித அலைகள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா சமையலறையிலிருந்து சொன்னாள்: "அது நம்ம வடக்குக் கரைதானடி? தண்ணி பச்சையா இருக்குன்னு பார்த்ததும் தெரிஞ்சுக்கிட்டேன்." அந்த அட்டையில் நான் ஊர்ப் பெயர் எழுதவே இல்லை.